மலிவு விலை விமானக் கிட்: அறிகுறியை வைத்துக் குறையைப் பிடிக்கும் வழி

பாகங்களைப் பசையால் ஒட்டி மாடல் விமானம் செய்யும் மலிவான பிளாஸ்டிக் கிட்களின் குறைகள் புதிது புதிதாக முளைப்பதில்லை. அதே பத்துப் பன்னிரண்டு குறைகள்தான் பெட்டிக்குப் பெட்டி மாறி மாறி வருகின்றன. விலைச் சீட்டை வைத்தோ மூடியில் அச்சிட்ட ஓவியத்தை வைத்தோ தரத்தைச் சொல்ல முடியாது. பசைக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எந்தக் குறை கண்ணில் பட்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது அச்சின் குறையா, இந்த ஒரு வார்ப்பின் குறையா? அச்சிலேயே இருந்தால் பெட்டியை மாற்றி வாங்கினாலும் அதுவே வரும். சண்டை போட்டுப் பயனில்லை. வார்க்கும்போதோ பொட்டலம் கட்டும்போதோ நேர்ந்தது என்றால் மாற்றிக் கேட்கலாம். அடுத்தது, அந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடுதலாக இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா? கூடுதலாக இருப்பதைச் சீவி எறிய ஒரு கத்தி போதும். இல்லாததை உண்டாக்கத்தான் நேரமும் பணமும் போகும்.

சோதனைக்கு வேண்டியவை: மாஸ்கிங் டேப், ஸ்கேல், டார்ச் விளக்கு, கூரான கத்தி, தட்டையான ஒரு கண்ணாடித் துண்டு, 400 முதல் 2000 வரை எண்ணுள்ள உப்புத்தாள்.

## அறிகுறி: பெட்டி புதிது, உள்ளே பழைய சரக்கு போலத் தெரிகிறது

தெரிவது சரியாகவே இருக்கும். உருக்கு அச்சு பல பத்தாண்டுகள் உழைக்கும். நிறுவனம் கைமாறினாலும் அச்சு வேலை செய்துகொண்டே இருக்கும். 1970களில் இரண்டு மூன்று நிறப் பிளாஸ்டிக்கில் வந்த மேட்ச்பாக்ஸ் கிட்களின் அச்சுகள் பல, பின்னாளில் ரெவெல் பெட்டிகளில் மறுபடி வந்தன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

பார்க்க வேண்டியவை: கீழ் இறக்கையின் உட்புறத்தையும், பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தின், அதாவது ஸ்ப்ரூவின், எழுத்துப் பட்டையையும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கலாம். அல்லது பழைய பெயரைச் சுரண்டி அழித்த இடம் ஒரு நீள்சதுரத் தடமாகத் தெரியலாம். பேனல் கோடுகள், அதாவது விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள், குழிவாக இல்லாமல் மேடாக இருந்தால் அச்சு பெரும்பாலும் பழையது. வாங்குவதற்கு முன்பே அறிய வேண்டுமானால், ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் பெயரைத் தேடுங்கள். எந்த அச்சு எந்த ஆண்டு முதல் யார் யார் பெட்டியில் வந்தது என்ற வரிசை கிடைக்கும்.

பழையது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். மேடான கோடுகளோடு உருவம் கச்சிதமாக அமைந்த பழைய கிட்டும் உண்டு. குழிவான கோடுகளைக் காட்டி மயக்கிவிட்டு மூக்கைக் கோட்டைவிட்ட புதிய கிட்டும் உண்டு. இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு பழையதற்கே.

## அறிகுறி: பாகங்களின் ஓரமெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு

இதற்குப் பெயர் பிளாஷ். அச்சின் இரு பாதிகளும் தேய்ந்து, இடுக்கு வழியே பிளாஸ்டிக் கசிந்திருக்கிறது. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் குறைகளிலேயே சாது இதுதான். கத்தி முனையைப் பாகத்தின் பக்கமாகச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. சக்கரம், இறங்குகால், துப்பாக்கிக் குழல் போன்ற உருண்டையான பாகங்களை நுனிப்பக்கமாகப் பாருங்கள். இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று விலகிப் படிக்கட்டு போல நின்றால், அச்சின் பாதிகள் நேராக உட்காரவில்லை. விலகல் கால் மி.மீ.க்குள் இருந்தால் இருபுறமும் தேய்த்து உருட்டிவிடலாம். அதற்கு மேல் போனால், தேய்த்து முடிக்கும்போது மெல்லிய கால் இன்னும் மெலிந்து குச்சியாகிவிடும். அந்த வகைப் பாகங்களை உலோகக் கம்பியிலோ நுண்குழாயிலோ செய்துகொள்வது மேல். சக்கரத்துக்கு ரெசின் மாற்றுச் சக்கரம் கிடைக்கிறது.

## அறிகுறி: ஏதோ ஒரு நுனியைக் காணவில்லை

இறக்கையின் பின்விளிம்பில் ஒரு கடி, ஆன்டெனா பாதியில் நிற்கிறது, துப்பாக்கிக் குழல் குட்டையாக இருக்கிறது. உடைந்ததா, வார்ப்பே நிரம்பவில்லையா என்று முதலில் பிரித்தறியுங்கள். லென்ஸ் வைத்து முறிந்த இடத்தைப் பாருங்கள்.

- முனை கூராகவும் வெளுத்தும் இருந்தால் உடைந்தது. துண்டு பெரும்பாலும் பையின் மூலையில் கிடக்கும். பையைத் தூக்கி எறிவதற்கு முன் வெள்ளைத் தாளின் மேல் உதறிப் பாருங்கள்.
- முனை வழவழப்பாக, உருண்டு இருந்தால் உருகிய பிளாஸ்டிக் அதுவரைதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது இந்த வார்ப்பின் குறை. மாற்றிக் கேட்க உரிமை உள்ள வகை.

சிறு நுனி என்றால் ஸ்ப்ரூவைத் தீயருகே காட்டி இழுத்த கம்பியே போதும். பின்விளிம்பின் கடியைப் பிளாஸ்டிக் தகடு ஒட்டி, காய்ந்த பின் வடிவத்துக்குத் தேய்க்கலாம். பேனல் கோடுகள் குறுக்கே ஓடும் பெரிய பரப்பு காணாமல் போயிருந்தால் கை வைக்காதீர்கள். கை வைத்த பாகத்தை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

## அறிகுறி: உடலின் இரு பாதிகள் பொருந்தவில்லை

மலிவுக் கிட்களில் அதிகம் பேர் மனம் வெறுத்துப் போவது இந்த இடத்தில்தான். இடைவெளியை நிரப்பும் பசையான புட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் செலவில்லாத காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டுங்கள். பொருந்தவில்லை என்று தோன்றுவதில் பெரும்பகுதி, உண்மையில் இடையில் ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டிருப்பதுதான்.

முதல் சோதனை: உள்ளே எதையும் வைக்காமல் இரு பாதிகளையும் சேர்த்து டேப் ஒட்டுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி கசியும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு விரல் நகத்தை இணைப்பின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத படி நகத்துக்குத் தட்டுப்படும்.

### ஓரிடத்தில் மட்டும் திறந்திருக்கிறது

ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய தண்டின் மிச்சம் இணையும் பரப்பில் நிற்கிறதா என்று பாருங்கள். அரை மி.மீ. மொட்டு போதும், உடல் முழுவதையும் திறந்து வைக்கும். தேய்த்துவிட்டு மறுபடி டேப் போட்டுப் பாருங்கள்.

### மூக்கு சேர்ந்தால் வால் விலகுகிறது, வால் சேர்ந்தால் மூக்கு விலகுகிறது

பொருத்து முளைகளைச் சந்தேகியுங்கள். முளையும் துளையும் நேருக்கு நேர் இல்லாத கிட்கள் ஏராளம். தயங்காமல் எல்லா முளைகளையும் சீவி எறிந்துவிட்டு, உட்புறத்தில் பிளாஸ்டிக் தகட்டுத் துண்டுகளை ஒட்டி நாமே நாக்குகள் வைத்துக்கொள்ளலாம். அவை இல்லாமலே பாதிகள் இன்னும் நேராக உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

### காலியாக இருக்கும்போது மூடுகிறது, காக்பிட் வைத்தால் மூடவில்லை

காக்பிட் தொட்டி அகலமாக இருக்கிறது. தொட்டியின் பக்க விளிம்புகளையும், அதைத் தொடும் உடலின் உட்சுவரையும் சமமாகத் தேய்த்து இளைக்க வேண்டும். கவ்வியை இறுக்கி மூடிப் பசை போடுவோர் உண்டு. அது இரவு முழுவதும் இழுத்துக்கொண்டே இருந்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு மயிரிழையாகப் பிளக்கும். முன்சக்கரக் குழி, எஞ்சின் தடுப்பு, வெளிப்போக்குக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்: ஒவ்வொன்றாக உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். எதை வைத்ததும் வாய் திறக்கிறதோ அதுதான் குற்றவாளி.

### ஒரு பாதி மற்றதைவிட நீளம், அல்லது உயரம்

இது அச்சின் குறை. மாற்றினாலும் தீராது. செய்யக்கூடியது பிழையை எங்கே ஒதுக்குவது என்று முடிவெடுப்பது மட்டும்தான். கேனபி, அதாவது விமானியின் இருக்கையை மூடும் கண்ணாடிக் கூடு, உட்காரும் விளிம்பையும் முன்கண்ணாடியின் அடியையும் முதலில் நேராக்கி ஒட்டி, காயவிடுங்கள். அங்கே தேய்க்க இடமில்லை, கண்ணும் முதலில் அங்கேதான் போகும். அதன் பிறகு ஓரிரு அங்குலமாக மூக்குப் பக்கமும் வால் பக்கமும் ஒட்டிக்கொண்டே போங்கள். மிச்சப் பிழை வயிற்றுப் பகுதிக்கோ வாலின் அடிக்கோ போய்ச் சேரட்டும். அங்கே உப்புத்தாள் தாராளமாக ஓடும்.

### எல்லாவற்றையும் செய்த பின்னும் இடைவெளி

இப்போதுதான் நிரப்பும் வேலை. இடைவெளியின் அளவைப் பொறுத்து பொருளை மாற்றுங்கள்.

0.2 மி.மீ.க்குள் இருந்தால் தண்ணீர் போன்ற பிளாஸ்டிக் பசையைத் தாராளமாக விட்டு, சிறிது நேரம் கழித்துப் பாதிகளை அழுத்துங்கள்; உருகிய பிளாஸ்டிக்கே பிதுங்கி அடைக்கும். ஒரு நாள் கழித்துத் தேயுங்கள். அரை மி.மீ. வரை சூப்பர் குளூ அல்லது புட்டி. சூப்பர் குளூவை அன்றே, கெட்டிப்பட்ட சிறிது நேரத்துக்குள்ளேயே தேய்த்துவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட அது கடினமாகி, பிளாஸ்டிக் தேயும், பசை மேடாக நிற்கும். அரை மி.மீ.க்கு மேல் போனால் புட்டியை அப்பாதீர்கள். கரைப்பான் கலந்த புட்டி காயக் காயச் சுருங்கும். தடிமனாகப் போட்டால் வெடிக்கும். பிளாஸ்டிக் தகட்டைச் சீவி ஆப்பாகச் செருகி ஒட்டி, மேலே மெல்லிய பூச்சு மட்டும் கொடுங்கள்.

இடைவெளியை மூடும் ஆர்வத்தில் பேனல் கோடுகளைத் தேய்த்து அழித்தால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். இணைப்பின் இருபுறமும் டேப் ஒட்டிவிட்டு நடுவில் மட்டும் வேலை செய்யுங்கள்.

## அறிகுறி: இறக்கை வளைந்திருக்கிறது, முறுக்கியிருக்கிறது

இறக்கையைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். எதிர்மூலை எழுந்தால் முறுக்கு இருக்கிறது. ஆனால் உடனே முடிவுக்கு வராதீர்கள். தனித்தனியாக வளைந்த மேல், கீழ்ப் பாதிகள் சேர்த்து ஒட்டியதும் ஒன்றையொன்று இழுத்து நேராகிவிடுவது சாதாரணம். டேப் போட்டு இணைத்து, பின்விளிம்பின் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நேராக இருந்தால் ஒட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இணைத்த பிறகும் முறுக்கு இருந்தால் வெந்நீர். பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகும்; ஆகவே கொதிநீர் வேண்டாம், மெல்லிய பாகம் துவண்டுவிடும். 60 முதல் 70 டிகிரி போதும். அரை நிமிடம் முக்கி எடுத்து, எதிர்த்திசையில் சற்றே அதிகமாகத் திருப்பிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் விடுங்கள். ஓரிரு முறையில் சரியாகாமல் பழைய இடத்துக்கே திரும்பினால், இறக்கைக்குள் முழு நீளத்துக்குப் பித்தளைக் கம்பியோ தடித்த பிளாஸ்டிக் பட்டையோ வைத்து ஒட்டி, கண்ணாடியின் மேல் பளு வைத்துக் காயவிடலாம். கண்ணாடிப் பாகங்களை மட்டும் வெந்நீரில் காட்ட வேண்டாம்.

உடலே வாழைக்காய் போல வளைந்திருந்தால் பேசாமல் மாற்றிக் கேளுங்கள். இது வார்ப்பின் குறை. சூடு ஆறுவதற்குள் அச்சிலிருந்து பிடுங்கியிருப்பார்கள்.

## அறிகுறி: இறக்கையின் வேரில் பிளவு

மேல்புறத்தில் மட்டும் பிளவு, அடியில் சேர்ந்திருக்கிறது என்றால் இறக்கைக்குப் போதிய ஏற்றம் இல்லை என்று அர்த்தம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை ஒவ்வொரு பக்கமும் 6 டிகிரி மேல்நோக்கி ஏறும். 1/72 மாடலில், அதாவது நிஜத்தின் 72-ல் ஒரு பங்கு அளவில், ஒரு பக்க இறக்கை சுமார் 70 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நுனி 7 மி.மீ.க்குச் சற்று மேல் உயர வேண்டும். ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு உடலின் மேலாக டேப்பை இழுத்து ஒட்டுங்கள். நுனி உயர உயர வேரின் பிளவு மூடுவது கண்ணெதிரே தெரியும். சரியான உயரத்தில் நிறுத்திப் பசை விட்டு, காயும்வரை டேப்பைத் தொடாதீர்கள்.

இருபுறமும் மேலும் கீழும் ஒரே அளவு பிளவு என்றால் உடல் குறுகியிருக்கிறது. உடலுக்குள் குறுக்கே ஒரு ஸ்ப்ரூத் துண்டை அளவாக வெட்டி முட்டுக்கொடுத்தால் உடல் விரிந்து இறக்கையைத் தொடும். இதைச் செய்ய உடல் மூடப்பட்டிருந்தாலும் அடியில் இறக்கைக்கான வாய் திறந்திருக்கும், அதுவே போதும்.

எஞ்சிய மயிரிழைப் பிளவுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் புட்டியைத் தடவி, ஈரப் பஞ்சுக் குச்சியால் வழித்துவிடுங்கள். தேய்க்கவே வேண்டாம், வேரில் உள்ள நுண்ணிய கோடுகள் பிழைக்கும்.

## அறிகுறி: பின்விளிம்பு தடி, கோடுகள் வாய்க்கால்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/72 அளவில் 1 மி.மீ. பின்விளிம்பு, நிஜ விமானத்தில் 72 மி.மீ. தடிமன். எந்த இறக்கையும் அப்படி முடியாது. ஒட்டும் முன் இரு பாதிகளின் உட்புறத்தைத் தட்டையான உப்புத்தாளில் வைத்து இழுத்து இளையுங்கள். ஒட்டிய பிறகு நினைவு வந்தால் வெளிப்புறத்தைத்தான் தேய்க்க வேண்டும், கோடுகள் போகும்.

ஆழமான பேனல் கோடுகளுக்கு ஓரிரு கை பிரைமரே பாதி வைத்தியம். மீதியைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

## அறிகுறி: மேற்பரப்பில் குழி, வட்டத் தழும்பு

இரண்டும் ஒன்றல்ல. மழுங்கலான, விளிம்பில்லாத பள்ளம் இருந்தால், அதன் பின்பக்கம் பாருங்கள். அங்கே முளையோ தடித்த கணுவோ இருக்கும். தடித்த இடம் ஆறும்போது சுருங்கி மேற்பரப்பை உள்ளே இழுத்திருக்கிறது. புட்டி ஒரு கை, தேய்ப்பு, பிரைமர், மறுபடி ஒரு கை. வெறும் பிளாஸ்டிக்கில் இது கண்ணுக்குத் தப்பிவிடும். பளபளப்பான பெயின்ட் அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளி நிற ஜெட்டாக முடிக்கப் போகிறீர்கள் என்றால் பிரைமருக்கு முன்பே வெளிச்சத்தைச் சாய்த்துத் தேடுங்கள்.

கூர்விளிம்புள்ள சிறு வட்டம், அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடும் ஊசியின் தடம். காக்பிட் சுவர், சக்கரக் கதவின் உட்பக்கம், சக்கரக் குழியின் கூரை ஆகிய இடங்களில் இருக்கும். மேடாக இருந்தால் சீவலாம். குழியாக இருந்தால், மூடிய பின் தெரியுமா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இருட்டான காக்பிட்டின் அடித்தளத்தில் இருக்கும் வட்டத்தை நிரப்பி யாருக்கும் பயனில்லை.

## அறிகுறி: கேனபி மங்கல், தடிப்பு, கீறல்

கிட்டின் தரத்தை ஒரே பாகத்தை வைத்துச் சொல் என்றால் கேனபியைத்தான் எடுப்பேன். மற்றவற்றை எல்லாம் பெயின்ட் மறைக்கும். இதை மறைக்க முடியாது. அச்சிட்ட தாளின் மேல் ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். எழுத்துகள் நெளியாமல் நகர்ந்தால் நல்ல கேனபி. நெளிந்தால் தடிமன் சீராக இல்லை. 1.5 மி.மீ. தடித்த கேனபி 1/72 அளவில் நிஜத்தில் 108 மி.மீ. கண்ணாடிக்குச் சமம்.

### மேலே உரசல்

பையில் மற்ற பாகங்களோடு உருண்டு வந்ததன் விளைவு. நகத்துக்குத் தட்டுப்படாத உரசலைப் பாலிஷ் பேஸ்ட்டே போக்கும். தட்டுப்பட்டால் 2000 எண் தாளில் தொடங்கி, 4000, 8000, 12000 என்று நீர் தொட்டுத் தேய்த்து, பேஸ்ட்டில் முடியுங்கள். கடைசியில் தெளிவான அக்ரிலிக் பளபளப்புத் திரவத்தில் முக்கி, ஓரத்தில் தேங்கும் சொட்டைத் தாளில் ஒற்றி, தூசு படாமல் மூடி வையுங்கள்.

### உள்ளே வெள்ளிக் கோடு போல மின்னுகிறது

விரிசல். ஸ்ப்ரூத் தண்டின் அருகே தொடங்கியிருந்தால் பெரும்பாலும் வெட்டும்போது விழுந்தது. தெளிவுப் பிளாஸ்டிக் மற்றதைவிடச் சுலபமாக நொறுங்கும். நிப்பரை ஒட்டி வைத்து நறுக்காமல் நுண்பல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும்போதே கோடு இருந்தால் உடனே படம் எடுத்து வையுங்கள். விரிசலுக்கு மருந்து கிடையாது. சட்டத்தின் கோட்டுக்குள் விழுந்திருந்தால் பெயின்ட் மறைக்கும். கண்ணாடி நடுவில் என்றால் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

### உடலின் மேல் உட்காரவில்லை

கேனபியைத் தேய்க்காதீர்கள், உடலைத் தேயுங்கள். கேனபி அகலமாக இருந்தால் உடலின் விளிம்பில் மெல்லிய பட்டையை ஒட்டி அகலப்படுத்துங்கள். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை. நுண்பிளவையும் அதுவே நிரப்பும். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை வெள்ளைப் புகையாகப் பூத்துவிடச் செய்யும். ஆகவே காக்பிட்டுக்குள் அதைப் பயன்படுத்தியிருந்தால் ஒரு நாள் ஆறவிட்டு மூடுங்கள்.

### தடிப்பும் நெளிவும் தாங்கவில்லை

இனி செலவு. வெற்றிட முறையில் வார்த்த மெல்லிய கேனபி, பிரபலமான விமானங்களுக்குத் தனியாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் கிட் கேனபியின் உட்புறத்தை ரெசினால் நிரப்பி அச்சாக்கி, வெற்றிட வார்ப்பு இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து வார்த்து வாங்கலாம். கேனபிக்கு மட்டும் வெளியார் உதவி தேடுவதில் வெட்கமே வேண்டாம்.

## அறிகுறி: டீகால் மஞ்சள், விரிசல், நிறம் விலகல்

டீகால் என்பது நீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாள்.

நிறம் விலகியிருக்கிறது: பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுச் சிவப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளை தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் அச்சடிப்பில் பிசகு. சிவப்புப் பொட்டு உதிரித் தாளில் இருந்தால் மேலே ஒட்டி மறைக்கலாம். மற்றபடி புதிய டீகால் தாள்தான். சிலசமயம் அதன் விலை கிட்டையே மிஞ்சும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கும் பொருந்தும். அந்த விமானத்தின் மேல் உங்களுக்குத் தனிப் பிரியம் இருந்தால் ஒழிய வாங்காதீர்கள்.

மஞ்சள் படிந்திருக்கிறது: தாளைப் பையில் போட்டு, படம் வெளியே தெரியும்படி வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள். அடிப்படலம் வெளுக்கும்.

பழசாகத் தெரிகிறது, உடையுமா என்று தெரியவில்லை: தேவையில்லாத ஒரு சின்னத்தை வெட்டி வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். சிதறினால் மீதித் தாள் முழுவதற்கும் தெளிவான வார்னிஷ் அல்லது டீகால் திரவம் பூசிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்ட வெட்டிப் பயன்படுத்தலாம்.

ஒட்டிய பின் அடியில் வெள்ளி போல மினுக்குகிறது: டீகாலின் குற்றமல்ல. சொரசொரப்பான மேற்பரப்பில் ஒட்டியதால் காற்று சிக்கியிருக்கிறது. ஊசியால் குத்தி, டீகாலை மென்மையாக்கும் திரவத்தை விட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: பசை பிடிக்கவில்லை, பெயின்ட் உரிகிறது

வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். பாதி வழக்கு இதிலேயே முடிந்துவிடும். அச்சில் பூசிய எண்ணெய் பாகத்தில் ஒட்டியிருக்கும். கழுவியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்ப்ரூத் துண்டின் மேல் ஒரு சொட்டுப் பிளாஸ்டிக் பசை விட்டு, ஒரு நிமிடத்துக்குள் குச்சியால் தொடுங்கள். பிசுபிசுத்து இழுத்தால் பாலிஸ்டைரீன், கவலையில்லை. எதுவுமே நடக்காமல் பசை உலர்ந்து போனால் வேறு பிளாஸ்டிக். சூப்பர் குளூவும் முளைக் கம்பியும்தான் வழி. மெழுகு போல வழுக்கி, நகத்தால் கீறினால் கோடு விழும் வகையில் பெயின்டும் நிற்காது. அது மாடல் அல்ல, பொம்மை.

## அறிகுறி: மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறது

முன்சக்கரம் உள்ள விமானங்களின் தீராத வியாதி. பி-38, பி-25, மீ 262, மிக்-15 எல்லாம் இந்த இனம். மலிவுக் கிட்டின் விளக்கத் தாளில் எத்தனை கிராம் பளு என்று எழுதாமலே விட்டுவிடுவார்கள். உடலை மூடுவதற்கு முன் டேப் போட்டு இறக்கை, வால் எல்லாவற்றையும் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் கோட்டில் இரு விரல் நுனிகளில் தாங்குங்கள். மூக்கு சாயும்வரை மேலே களிமண்ணை வைத்துக்கொண்டே போய், அதை எடைபோடுங்கள். பெயின்டும் டீகாலும் வாலுக்கும் கனம் சேர்க்கும் என்பதால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தூண்டில் ஈயக் குண்டு வைப்பதானால் சூப்பர் குளூ அல்லது எபாக்ஸியில் ஒட்டுங்கள். வெள்ளைப் பசையில் புதைத்தால் ஈயம் மெல்ல அரித்து உப்பி, சில ஆண்டுகளில் மூக்கையே பிளந்துவிடக்கூடும். மூக்கில் இடம் போதாவிட்டால் காக்பிட்டின் பின்சுவர், எஞ்சின் கூடுகள் என்று பின்சக்கரத்துக்கு முன்னால் எங்கும் வைக்கலாம். பளு கூடி இறங்குகால்கள் அகல ஆரம்பித்தால் உலோகக் கால்கள் வாங்க வேண்டும். அல்லது சக்கரத்தை மடக்கி, பறக்கும் கோலத்தில் தாங்கியின் மேல் நிறுத்திவிடலாம். மலிவுக் கிட்டுக்கு இது கௌரவமான முடிவு.

## அறிகுறி: எங்கோ உருவமே சரியில்லை

ஸ்கேலை எடுங்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 1 இறக்கை, நுனிக்கு நுனி, 11.23 மீட்டர், 1/72 என்றால் 156 மி.மீ., 1/48 என்றால் 234 மி.மீ. மிக்-21பிஸ் 7.15 மீட்டர், 1/72 என்றால் 99 மி.மீ. ஓரிரு மி.மீ. வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நீளத்தை அளக்கும்போது மட்டும் கவனம்: மிக்-21 போன்றவற்றுக்கு மூக்குக் குழலைச் சேர்த்து ஒரு நீளமும் சேர்க்காமல் ஒரு நீளமும் நூல்களில் இருக்கும். அளவு எதிலுமே சேராவிட்டால், பெட்டிக்கு ஏற்றபடி விமானத்தைச் சுருக்கிய பழங்கால வழக்கத்தில் வந்த கிட்டாக இருக்கலாம்.

அளவு சரி, தோற்றம் மட்டும் தவறு என்றால் நிஜ விமானத்தின் பக்கவாட்டுப் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடங்களை நம்பாதீர்கள், இரண்டு வரைபடங்கள் ஒத்துப்போவது அபூர்வம். பெரும்பாலும் மூக்கும் கேனபியும்தான் முகத்தைக் கெடுக்கும். உந்தி விசிறியின் முறுக்கையும் பாருங்கள்: மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றும், கிரிஃபன் எஞ்சினில் இடஞ்சுழி. மலிவுக் கிட்டில் இது தலைகீழாகிப் போவதுண்டு.

விசிறி, சக்கரம், மூக்குக் கூம்பு என்றால் ரெசினிலோ முப்பரிமாண அச்சிலோ தனிப்பாகம் தேடலாம். உடலே தவறு என்றால் எந்தத் தனிப்பாகமும் காப்பாற்றாது. இரண்டு தனிப்பாகங்களுக்கு மேல் தேவைப்படுகிறதா? அதே விமானத்தின் நல்ல கிட்டின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நல்ல கிட்டே மலிவாக முடியும். கையில் உள்ளதை ஏர்பிரஷ் பழகவும் பேனல் கோடு கீறிப் பழகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

## மாற்றிக் கேட்பது எப்படி

நிரம்பாத நுனி, வளைந்த உடல், விரிசல் விட்ட கேனபி, காணாத ஸ்ப்ரூ ஆகியவற்றுக்கு மட்டும் எழுதுங்கள். பிளாஷுக்கும் தடித்த பின்விளிம்புக்கும் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த பெட்டியிலும் அதுவே இருக்கும். பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து வெட்டாமல், ஸ்ப்ரூவின் எழுத்தும் பாக எண்ணும் தெரியும்படி ஒரு படம், குறையை அருகிலிருந்து ஒரு படம். பெட்டியின் கிட் எண்ணும் வாங்கிய ரசீதும் சேர்த்து முதலில் விற்றவருக்கு, பதில் வராவிட்டால் தயாரிப்பாளரின் உதிரிப்பாகப் பிரிவுக்கு. முழுக் கிட்டையும் மாற்றச் சொல்வதைவிட அந்த ஒரு ஸ்ப்ரூவை மட்டும் கேட்டால் விரைவில் வந்து சேர வாய்ப்பு அதிகம்.